பழைய பாத்ரூமைப் புதுப்பிக்க: எதை உடைக்கலாம், எதை விட்டுவைக்கலாம்

இருபது, இருபத்தைந்து வருடத்துப் பாத்ரூம் அநேகமாக இப்படித்தான் இருக்கும்: 5 அடிக்கு 7 அடி இடம், சுவரில் நாலடி உயரத்துக்கு வெள்ளை டைல்ஸ், அதற்கு மேல் உரிந்த பெயிண்ட், தரையில் மொசைக், உள்ளே ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், போர் தண்ணீரின் உப்பு பூத்த குழாய்கள். புதுப்பிக்கலாம் என்று முடிவு செய்ததும் பலரும் நேராக டைல்ஸ் கடைக்குப் போய் டிசைன் பார்க்கிறார்கள். அதைக் கடைசியில் பார்த்தால் போதும். தண்ணீர் எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது, வழி தவறி எங்கே இறங்குகிறது என்பதை முதலில் பாருங்கள். இந்த மூன்றும் தெரிந்தால், உடைக்க வேண்டுமா, தேய்த்துக் கழுவினாலே போதுமா என்பதும் தெரிந்துவிடும்.

எப்போது தொடங்குவது

நம் ஊரில் பாத்ரூம் வேலை பெரும்பாலும் ஏதாவது விசேஷத்தை ஒட்டித்தான் நடக்கும். வளைகாப்பு, பெண் பார்க்க வருவது, அப்பாவின் அறுபதாம் கல்யாணம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தலை தீபாவளி. மாப்பிள்ளை வருகிறார் என்று புரட்டாசி பாதியில் ஆள் பிடித்தால் வடகிழக்குப் பருவமழை குறுக்கே வந்து நிற்கும். ஈரக்காற்றில் பூச்சும், தண்ணீர் இறங்காமல் தடுக்கப் பூசும் கோட்டிங்கும் காய மாட்டா. அவசரத்தில் அவற்றின் மேலேயே டைல்ஸ் ஒட்டுவார்கள். முழுதாக உடைத்துச் செய்ய 15 நாள் ஆகும்: உடைக்க 2 நாள், பைப்புக்கு 2 நாள், பூச்சும் அது காய்வதும் 4 நாள், கோட்டிங்கும் தண்ணீர் நிறுத்திச் சோதிப்பதும் 4 நாள், டைல்ஸுக்கு 2 நாள், ஃபிட்டிங்ஸுக்கு 1 நாள். ஆள் வராத நாட்களுக்கு இன்னொரு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள். விசேஷத்துக்கு மூன்று வாரம்கூட இல்லையென்றால் இந்த வேலையில் கை வைக்க வேண்டாம். உடைக்காமல் செய்வதை மட்டும் செய்து, மீதியைத் தை மாதத்துக்குத் தள்ளுங்கள்.

வீட்டில் இருப்பதே ஒரு பாத்ரூம்தான் என்றால், உடைப்பதற்கு முன்பே மாற்று ஏற்பாடு வேண்டும். “ரெண்டு நாள்ல கமோடு மாட்டித் தந்துடறேன்” என்று மேஸ்திரி சொல்வதை வைத்துத் திட்டம் போட முடியாது.

கசிவைக் கண்டுபிடிக்க மூன்று சோதனை

கீழ்வீட்டு சீலிங்கில் ஈரம், பாத்ரூமை ஒட்டிய அறைச் சுவரில் பெயிண்ட் கொப்புளம், வெள்ளையாகப் பூக்கும் உப்பு, இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தால் கசிவு இருக்கிறது. எங்கே என்பதுதான் கேள்வி.

முதல் சோதனைக்குச் செலவே இல்லை. வால்வுகள் திறந்தபடியே இருக்க, மூன்று நாள் பாத்ரூமைப் பயன்படுத்தாமல் விடுங்கள். ஈரம் கொஞ்சமாவது காயத் தொடங்கினால் கோளாறு தரையிலோ கழிவு வழியிலோ இருக்கிறது. காயவே இல்லை என்றால் வரத்து பைப்பைச் சந்தேகியுங்கள். அதில் இரவும் பகலும் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது. டேங்கிலிருந்து வரும் கேட் வால்வை மூடியபின் ஈரம் குறைந்தால் சந்தேகம் தீர்ந்தது.

இரண்டாவது, தரைக்கு. தரைத் தண்ணீர் வடியும் நஹானி ட்ராப்பின் வாயை ரப்பர் பிளக்கால், அல்லது பிளாஸ்டிக் உறையில் கட்டிய ஈரத்துணியால் இறுக்கி அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். சுவரில் பென்சிலால் மட்டத்தைக் குறித்துவிட்டு 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஒரு கோடு அளவு குறைந்திருந்தால் அது ஆவியானது. அரை அங்குலம் குறைந்திருந்தால் தரை குடித்திருக்கிறது.

தரை நன்றாக இருந்தால் மூன்றாவது. கேசரிப் பவுடர் கலந்த தண்ணீரை கமோடில் மட்டும் ஊற்றி ஃப்ளஷ் செய்யுங்கள். மறுநாள் வேறு நிறத்தில் ட்ராப்பில் ஊற்றுங்கள். கீழே எந்த நிறம் தெரிகிறதோ அந்த வழியில் ஓட்டை. ஒன்றை மறக்கக் கூடாது. அடுக்குமாடிகளில் பாத்ரூம் தளம் பெரும்பாலும் 8 முதல் 12 அங்குலம் பள்ளமான சங்கன் ஸ்லாப். அதற்குள் செங்கல் துண்டும் மண்ணும் நிரப்பியிருப்பார்கள். கசிந்த தண்ணீர் முதலில் அந்த நிரப்பலில் தேங்கி, பல நாள் கழித்தே கீழே சொட்டும். ஒரே நாளில் தெரியவில்லை என்று கைவிட வேண்டாம்.

முடிவு இதிலிருந்து வரும். வரத்து பைப் மட்டும் கெட்டிருந்தால் பைப் மட்டும் மாறட்டும். தரை கெட்டிருந்தால் தரையையும் சுவரில் ஓரடியையும் உடைத்தால் போதும். எங்கும் கசிவு இல்லை, டைல்ஸைத் தட்டினால் ‘டொக் டொக்’ என்ற வெற்றோசை ஐந்தில் ஒன்றுக்கும் குறைவாகத்தான் வருகிறது என்றால் எதையும் உடைக்கத் தேவையில்லை.

உடைக்காமல்

உப்புக் கறைக்கு மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், போதும். ஒரு லிட்டர் வெந்நீரில் மூன்று மேசைக்கரண்டி கரைத்து, துணியில் நனைத்துக் குழாயில் பத்து நிமிடம் சுற்றி வைத்துவிட்டுக் கழுவுங்கள். ஷவர் தலையைக் கழற்றி அதே நீரில் ஊறவிட்டால் அடைத்த துளைகள் திறந்துவிடும். குழாய் வாயில் சல்லடை இருந்தால் அதற்கும் இதே வைத்தியம்தான். கடப்பா கல், மார்பிள், மொசைக் ஆகியவற்றின் மேல் மட்டும் இது படக் கூடாது. மூன்றிலும் சுண்ணாம்பு இருப்பதால் அமிலம் அரித்துப் பளபளப்பைக் கொண்டுபோய்விடும்.

பாட்டிலில் விற்கும் டாய்லெட் ஆசிட்டைத் தரையில் ஊற்றித் தேய்க்கும் பழக்கம்தான் பாதிப் பாத்ரூம்களைக் கெடுத்திருக்கிறது. டைல்ஸ் வெளுக்கும் என்பது உண்மை. கூடவே இடைவெளியில் இருக்கும் சிமெண்டையும் அது கரைத்துவிடும். அந்த வழியாகத்தான் பிறகு தண்ணீர் இறங்குகிறது. ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சிறிதாக உள்ள அறையில் அது உயிருக்கே ஆபத்து.

இடைவெளிகள் கறுத்தோ உதிர்ந்தோ இருந்தால் பழைய கிரவுட்டை (இடைவெளியை அடைக்கும் கலவை) கிரவுட் ரேக்காலோ உடைந்த ஆக்ஸா பிளேடாலோ 3 மி.மீ. ஆழம் சுரண்டி எடுத்து, பிரஷ் போட்டுக் கழுவி, ஒருநாள் முழுக்கக் காயவிடுங்கள். தரைக்கும் ஷவர் பக்கச் சுவருக்கும் எபாக்ஸி கிரவுட். மற்ற சுவருக்குச் சாதாரண சிமெண்ட் கிரவுட்டே போதும். எபாக்ஸியில் ரெசினையும் ஹார்டனரையும் முதலில் கலந்து, பிறகு பவுடரைச் சேர்க்க வேண்டும். டப்பாவில் உள்ள அளவைக் கண்மதிப்பில் பாதியாக்கினால் சில இடம் கடைசிவரை இறுகாமல் பிசுபிசுக்கும். கலந்தபின் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம்தான் கையில் இருக்கும். சித்திரை வெயிலில் அதுவும் இல்லை. ஒரு முறைக்கு நாலைந்து சதுர அடி இழுத்து, உடனே ஈர ஸ்பாஞ்சால் துடைத்துக்கொண்டே போங்கள். துடைக்காமல் விட்ட படலம் மறுநாள் எதற்கும் அசையாது.

சொட்டும் குழாய்க்குப் புதுக்குழாய் வாங்கும் முன் உள்ளே பாருங்கள். பல சுற்றுத் திருகும் பழைய வகை என்றால் அரை அங்குல வாஷர் மாற்றினால் தீர்ந்தது. கால் சுற்று வகையில் செராமிக் தட்டுள்ள கார்ட்ரிட்ஜ் இருக்கும். டேங்கில் படிந்த மணல் அதைக் கீறிவிடும். கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றலாம், ஆனால் பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும். ஒரு கம்பெனியின் பல் இன்னொன்றுக்குப் பொருந்தாது.

பழைய டைல் மேல் புது டைல்

இது நல்ல வழிதான், தரை கசியாமல் இருந்தால். பழைய டைல்ஸ் உறுதியாக ஒட்டியிருக்க வேண்டும். வெற்றோசை வரும் டைல்களை எடுத்து அந்தப் பள்ளத்தை முதலில் நிரப்ப வேண்டும். பளபளப்பை கிரைண்டரால் கீறி, எண்ணெயும் சோப்பும் போகக் கழுவ வேண்டும். ஒட்டுவதற்கு பாலிமர் கலந்த அடேசிவ். பையில் ஐ.எஸ். 15477 என்ற எண்ணோடு ‘டைல் மேல் டைல்’ ஒட்டலாம் என்றும் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். அடேசிவில் டைப் 1 என்ற சாதாரண வகை இதற்குத் தாங்காது. சாதாரண சிமெண்ட் பால் அதைவிட மோசம்.

தரை 12 மி.மீ. வரை உயரும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கதவு அடியில் உரசும், வாசல்படியின் இறக்கம் குறையும், ட்ராப் ஜாலி குழிக்குள் போய்விடும். கதவை அறுக்கவும், ஜாலிக்கு உயரத் துண்டு வைக்கவும் சேர்த்தே பேசி முடியுங்கள்.

முழுதாக உடைத்தால்

அடுக்குமாடி என்றால் சங்கத்திடமும் கீழ்வீட்டாரிடமும் முதலில் சொல்லிவிடுங்கள். கீழ்வீட்டு சீலிங்கைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் பின்னால் பேச்சு வளராது. 5க்கு 7 பாத்ரூமில் 30, 40 சாக்கு இடிபாடு வரும். அதைத் தெருமுனையில் கொட்டினால் மாநகராட்சி அபராதம் போடும். வண்டிச் செலவு யாருடையது என்பதைக் கூலி பேசும்போதே முடித்துக்கொள்ள வேண்டும்.

முதல் சுத்தியல் விழும் முன் நஹானி ட்ராப், கமோடு பைப் இரண்டின் வாயையும் சாக்குத் துணி திணித்து அடைத்துவிடுங்கள். புதுப் பாத்ரூமில் தண்ணீர் வடியவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே விழுந்து இறுகிய சிமெண்டுதான் காரணம்.

வரத்துக்கு சிபிவிசி என்ற பிளாஸ்டிக் பைப். வெந்நீர், தண்ணீர் இரண்டுக்கும் இதையே போடலாம். இன்னொரு பிளாஸ்டிக் வகையான யுபிவிசி குளிர்ந்த தண்ணீருக்கு மட்டும்; கீசர் லைனில் போட்டால் தளர்ந்து வளைந்துவிடும். குழாய் மாட்டும் இடங்களிலெல்லாம் பித்தளை மரை உள்ள எல்போ கேளுங்கள். பிளாஸ்டிக் மரையில் இரும்பு நிப்பிளை முறுக்கினால் வெடிப்பு விழும், அதுவும் டைல்ஸ் ஒட்டியபின். சொல்யூஷன் தடவியதும் பைப்பைக் கால் சுற்றுத் திருகிச் சொருகி அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். விட்டால் தானாகப் பின்னுக்கு வரும். நாலரை அங்குலச் சுவரில் பைப் பதிக்கக் குறுக்காக நீளக் காடி வெட்ட விடாதீர்கள். மேலிருந்து கீழாக வெட்டினால் சுவருக்குச் சேதம் குறைவு.

டைல்ஸ் ஒட்டி முடித்த மட்டத்திலிருந்து உயரங்கள்: வாளிக் குழாய் 2 அடி, வெந்நீரும் தண்ணீரும் கலந்து தரும் வால் மிக்ஸர் 3 அடி, ஷவர் 6¾ முதல் 7 அடி, வாஷ் பேசின் விளிம்பு 32 அங்குலம். மிக்ஸரின் இரு வாய்க்கும் நடுவிலிருந்து நடு 150 மி.மீ.; வெந்நீர் இடப்பக்கம். ஒவ்வொரு பொருளுக்கும் தனி ஆங்கிள் வால்வு வைத்தால், ஹெல்த் ஃபாசெட் கெட்டால் வீடு முழுக்கத் தண்ணீரை நிறுத்த வேண்டியதில்லை. காடியை மூடும் முன் பிளம்பரின் கைப்பம்பால் அழுத்தம் கொடுத்து ஒரு மணி நேரம் முள் இறங்குகிறதா பாருங்கள். சுவரோரம் டேப்பை நீட்டி வைத்துப் படமும் எடுங்கள். பின்னால் டவல் ராடுக்கு டிரில் போடும் நாளில் அந்தப் படம்தான் பைப்பைக் காப்பாற்றும்.

கழிவு வழியில் ட்ராப்பைப் பாருங்கள். அதில் 50 மி.மீ. தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். நாற்றத்தையும் கரப்பானையும் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். பழைய வீடுகள் சிலவற்றில் ட்ராப்பே இல்லாமல் வெறும் பெண்டு (வளைந்த பைப் துண்டு) போட்டிருப்பார்கள். உடைத்திருக்கும்போதே மாற்றினால்தான் உண்டு.

வாட்டமும் வாட்டர்ப்ரூஃபிங்கும்

பணம் குறைவாக இருந்தால் டைல்ஸில் குறையுங்கள், இங்கே குறைக்காதீர்கள். தண்ணீரைத் தடுப்பது அடியில் இருக்கும் கோட்டிங்தான். டைல்ஸ் மேலே போர்த்திய சட்டை.

ஸ்லாபைச் சுத்தம் செய்து, சுவரும் தரையும் சேரும் மூலையெல்லாம் சிமெண்ட் கலவையால் உருட்டி வளைவாக்குங்கள். நேர்கோண மூலையில் கோட்டிங் வெடிக்கும். பைப் நுழையும் இடங்களைச் சுற்றிக் கொத்தி, சுருங்காத கிரவுட்டால் அடைக்க வேண்டும். அது காய்ந்தபின் தரையை நனைத்து, தேங்கிய தண்ணீரைத் துடைத்துவிட்டு, பாலிமர் கோட்டிங் இரண்டு கை: முதல் கை நீளவாக்கில், சில மணி நேரம் கழித்து இரண்டாவது கை குறுக்குவாக்கில். மூலைகளில் இரண்டு கைக்கும் நடுவே ஃபைபர் வலைத்துணி. சுவரில் ஓரடி உயரம், ஷவர் பக்கம் ஆறடி, வாசல்படியின் உள்பக்கமும் சேர்த்து. வாசலை விட்டுவிட்டால் தண்ணீர் அந்த வழியாக ஹால் டைல்ஸுக்கு அடியில் போகும். கோட்டிங் காய்ந்ததும் 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்தி, கீழ்வீட்டில் போய்ப் பாருங்கள். ஒரு சொட்டு தெரிந்தாலும் டைல்ஸ் பெட்டியைத் திறக்க வேண்டாம். கோட்டிங் மேல் காலணியோடு நடப்பது, சட்டி வைத்துக் கலவை குழைப்பது எல்லாமே கிழிசல். அதன் மேல் மெல்லிய பூச்சு போட்டபிறகே வேலை தொடரட்டும்.

வாட்டம் 80க்கு 1. ஏழடி தூரத்துக்கு ஓர் அங்குலம் இறக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். வாசல் பக்கம் உயர்ந்து, எதிர் மூலை ட்ராப்பில் தாழ வேண்டும். பாத்ரூம் தரை வாசலிலேயே ஹாலைவிட அரை அங்குலமாவது கீழே இருக்க வேண்டும். ரசமட்டம் பார்த்தாலும் போதாது, டைல்ஸ் இறுகும் முன் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தேங்கும் டைலை அப்போதே எடுத்து இறக்கிவிடலாம்.

டைல்ஸ்

தரைக்கு 300×300 மி.மீ., சொரசொரப்பான மேட் டைல். 2 அடி டைல் அழகாகத்தான் இருக்கும். ஆனால் நான்கு பக்கமிருந்தும் ஒரு ட்ராப்புக்கு வாட்டம் கொடுக்க அது வளையாது. கடையில் வாங்கும்போது டைல் மேல் தண்ணீர் தெளித்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள்.

கணக்கு: 5க்கு 7 அறையின் சுற்றளவு 24 அடி, ஏழடி உயரத்துக்கு 168 சதுர அடி. கதவும் வென்டிலேட்டரும் 20 போனால் 148. வெட்டு, உடைசலுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 163. கடைக்காரர் ‘12க்கு 18’ என்று சொல்லும் டைல் உண்மையில் 300×450 மி.மீ.; 1.5 சதுர அடி வராது, 1.45 தான் வரும். ஆகவே 113 டைல். பெட்டிக்கு 6 என்றால் 19 பெட்டி. எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா பாருங்கள். பேட்ச் மாறினால் நிறம் ஒரு சாயல் மாறும்.

டைலின் நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து அமுக்கும் பழக்கத்தைத் தடுங்கள். பல் வைத்த கரணையால் அடேசிவை முழுக்க இழுத்து ஒட்ட வேண்டும். உருண்டைகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில்தான் தண்ணீர் தேங்கும், டிரில் போடும்போது டைல் உடையும். 20 கிலோ பை, 3 மி.மீ. கனத்தில் சுமார் 50 சதுர அடிக்கு வரும். 2 மி.மீ. ஸ்பேசர் வைத்து ஒட்டி, ஒருநாள் கழித்தே கிரவுட். வெட்டுத் துண்டுகள் கதவுக்குப் பின்பக்கம் வரும்படி முன்பே அடுக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களுக்கும், கரண்டுக்கும்

இந்தியன் டாய்லெட்டை வெஸ்டர்னாக மாற்றுவதென்றால், கமோடு வாங்கும் முன் அளவெடுங்கள். பைப் தரையில் இறங்கினால் எஸ்-ட்ராப்: டைல்ஸ் ஒட்டிய சுவரிலிருந்து பைப்பின் நடுவரை தூரம் வேண்டும், கடையில் 100, 225, 300 மி.மீ. என்று கேட்பார்கள். சுவருக்குள் போனால் பி-ட்ராப்: தரையிலிருந்து நடு 180 மி.மீ. அளவு தெரியாமல் வாங்கியது பெட்டியோடு திரும்பிப் போகும். கமோடு பக்கத்தில் தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில் கைப்பிடிக் கம்பி ஒன்று வையுங்கள். டவல் ராடு ஆள் எடையைத் தாங்காது. கதவு வெளிப்பக்கம் திறப்பதும், வெளியிலிருந்து திறக்கக்கூடிய தாழ்ப்பாளும் வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு அவசியம்.

கீசருக்குத் தனி லைன்: 2.5 சதுர மி.மீ.க்குக் குறையாத செம்பு ஒயர் (தூரம் அதிகமென்றால் 4), 16 ஆம்பியர் சாக்கெட், எர்த், போர்டில், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே இருக்கட்டும். இது எலக்ட்ரீஷியன் வேலை. பிளம்பரே மாட்டித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எல்லாம் முடிந்து, எபாக்ஸி போட்டிருந்தால் அது முழுதாக இறுகியபின், ட்ராப்பை அடைத்து மறுபடியும் 24 மணி நேரம் தண்ணீர் நிறுத்துங்கள். கீழ்வீட்டு சீலிங்கையும் பக்கத்து அறைச் சுவரையும் மேஸ்திரியையே கூட்டிப்போய்க் காட்டி, அதன்பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள். மிஞ்சிய டைல்ஸில் ஒரு பெட்டியைப் பரணில் போட்டு வையுங்கள்; அடுத்த வருடம் அதே டிசைன் கடையில் இருக்காது.